அனீஸாவுக்கு ஒரு பந்து

ஹேவாஹெட்ட
11.06.2013

அன்பு மகள் ரூபிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா என்பதைப் பதிலில் முதல் வரியிலேயே எழுது, கடைசியில் ஒரு மூலையில் எழுதாதே. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். மழை பிடித்துவிட்டது, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தகரம் தருகிறோம் என்று தோட்டத்து ஆபிஸில் சொல்லி இது மூன்றாவது மழைக்காலம். நீ ஹொக்கி விளையாடிய மைதானத்தில் பாதியைத் தேயிலைக் கன்று வைக்க எடுத்துக்கொண்டார்கள், மீதியில் தோட்டத்துத் துரையின் வாகனம் நிற்கிறது. பிள்ளைகள் எங்கே விளையாடும் என்று கேட்டேன், லயத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு மைதானம் என்றார் ஆபிஸ் கிளாக்கர். அதே கிளாக்கர்தான் உன் படம் பேப்பரில் வந்தபோது நம்ம தோட்டத்துப் பிள்ளை என்று எல்லோரிடமும் காட்டித் திரிந்தார்.

சனிக்கிழமை கோச்சிடம் சொல்லி, நீ வேலை செய்யும் கம்பெனியின் இரண்டாவது அணிக்கு இறங்கிவிடப் போகிறேன் என்கிறாய். அனீஸாவும் நில்மினியும் பக்கத்தில் விளையாட வந்த பிறகு உன் கோல் குறைந்துவிட்டதாம், கீழே போனால் எல்லாக் கோலையும் நீயே போடலாமாம். அப்பாவும் உன் கட்சிதான். கோல் போடுறவ கையிலதான் பந்து இருக்கணும், மத்தவளுக்கு எதுக்குக் கொடுக்கணும் என்கிறார். போன ஞாயிறு கண்டியில் உன் ஆட்டம் பார்க்க லொறி பிடித்து இருபது பேர் வந்தோமே, அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். விட்டுறாத ரூபி, விட்டுறாத என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். நம்ம மைதானம் அப்படி, ஒரு பக்கம் சரிவு, பந்தை விட்டால் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டித் தேயிலைக்குள் உருண்டுவிடும், விட்டவள்தான் போய் அட்டைக்கடியோடு எடுத்து வர வேண்டும். அதனால்தான் நீ பந்தை மட்டையோடு ஒட்டவைத்துப் பழகினாய், நாங்களும் அதையே கெட்டித்தனம் என்று கைதட்டினோம். கண்டியில் மைதானம் பலகைபோலச் சமமாக இருந்தது. நாங்கள் ஒருவரும் அதை யோசிக்கவில்லை.

இடைவேளையில் அந்த அனீஸா தண்ணீர் குடிக்க வந்தாள். நல்லாச் சத்தம் போடுறீங்க அன்ட்டி, இவ பந்த எடுத்தா நாங்களும் ஒங்களோட வந்து ஒக்காந்துடலாம், ஒரு வித்தியாசமும் இல்ல என்று சிரித்தாள். லொறியில் வந்த மூக்காயி அக்கா, வா மகளே எடம் இருக்கு என்று நகர்ந்தே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். நீ பந்தை எடுத்ததும் எதிர்ப்பக்கத்தில் மூன்று பேர் உன்னிடமே ஓடி வந்தார்கள். அனீஸாவுக்குக் காவலே இல்லை, நீ கொடுக்கமாட்டாய் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எவ்வளவு நல்ல ஆட்டக்காரி பக்கத்தில் நின்று என்ன, நீ கொடுக்காதவரை அவள் வேலிக்கம்பம்தான். பிறகு ஒரு தரம் பந்து உன் மட்டையில் தட்டுப்பட்டு அவளிடம் போனது. மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள், அவள் உனக்கே திருப்பி அடித்தாள், உன்னைத் தடுக்க ஒருவருமில்லை, அன்றைக்கு நீ போட்ட ஒரே கோல் அதுதான். அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று போனில் சொன்னாய். குருடு யார் என்று யோசித்துப் பார்.

உன் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது நீ கொடுத்த பந்தில் டவுன் பிள்ளை கோல் போட்டாள், அவளை எடுத்தார்கள், உன்னை எடுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை இரண்டு மடங்கு செய்தால்தான் பாதி கண்ணுக்குத் தெரியும். அது அநியாயம், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலை எழுதியது அனீஸா இல்லை. கீழே போய்ப் பத்துக் கோல் போட்டாலும் அதைப் பார்க்க அங்கே ஒருவரும் வரப்போவதில்லை. பந்தை எப்போதும் கொடு என்று நான் சொல்லவில்லை, உன் ஓட்டத்தை மாற்றாதே. பத்துத் தரத்தில் மூன்று தரம் கொடு, போதும். கொடுப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே அந்த மூன்று பேரில் ஒருத்தி உன்னை விட்டு விலகுவாள், மிச்ச ஏழு தரமும் உனக்கு வழி கிடைக்கும். உன் கோல் கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பாவிடம் தேயிலைக்கொட்டையை வைத்து விளக்கினேன், ம் என்றார், அவருக்கு அது பெரிய சம்மதம்.

நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், உன் காலுக்கு ஒரு குறையும் வரக்கூடாது, உன்னைப் பெற்ற எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. அடையாள அட்டையை எடுக்காமல் வெளியே போகாதே. சனிக்கிழமை கோச்சிடம் ஒன்றும் சொல்லாமல் ஆட்டத்துக்கு இறங்கு, முதல் பந்தை அனீஸாவுக்குக் கொடு. அவள் திருப்பித் தராவிட்டால் எனக்கு எழுது, நானே பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் அவள் உம்மாவிடம் கேட்கிறேன்.

உன் அம்மா
பாலம்மா