இரண்டு அளவு பெரிய பூட்ஸ்

அன்பு மச்சானுக்கு,

இன்று காலை பரணிலிருந்து அந்தப் பூட்ஸ் விழுந்தது. நேராக என் தலையில். நியாயமான இடம்தான். உள்ளே திணித்த செய்தித்தாள் மஞ்சளாகிவிட்டது. உன் வியர்வை வாடை மட்டும் போகவில்லை. அடுப்படியிலிருந்து உன் அக்கா எட்டிப் பார்ப்பதற்குள் மறுபடி மேலே ஏற்றிவிட்டேன்.

சிதம்பரத்துக் கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்தில் நான் வெறும் குமாஸ்தா. ஆனால் மாமனார் வீட்டுக்குக் கடலூர் வந்தால், கல்லூரியே என் சட்டைப்பையில் இருப்பதுபோல் அளப்பேன். அப்போதெல்லாம் கால்பந்துப் பந்தயம் நம் பக்கத்து நாலு கல்லூரிகளுக்குள்தான். வருஷா வருஷம் துறைமுகத்து மணலில் ஆடுகிற ஐந்து பேருக்குக் கட்டணமில்லாமல் பி.ஏ. இடம் கிடைக்கும். அதில் ஒன்று உனக்கு என்று உன் அக்காவிடம் சத்தியமே செய்திருந்தேன்.

அந்த வருஷம் பந்தயத்தைச் சென்னை, பெங்களூர் வரை விரித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் பெருமை தாங்கவில்லை. ஆளுக்கு இரண்டு காபி. பிறகுதான் புரிந்தது, அந்த ஊர்க்காரர்களை ஜெயிக்க அந்த ஊர்க்காரர்களையே கொண்டுவந்து சேர்க்கப்போகிறார்கள் என்று. கடலூர்ப் பக்கத்துக்கு மிஞ்சியது ஒரே ஓர் இடம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சென்னைக்குப் போய்ப் பழைய பூட்ஸ் வாங்கி வந்தேன்.

"இன்னா மாமா, பூட்ஸா தோணியா? தண்ணியில வுட்டா பிச்சாவரம் வரைக்கும் போவும் போலக்கீதே!"

"பேப்பர் வச்சு அடைச்சுக்க மச்சான். இனிமே பூட்ஸ் போட்டவனத்தான் மனுசனாவே பாப்பாங்க. ஆபீஸ்ல இருக்கறவன் சொல்றேன்."

"வெறுங்காலுன்னா பந்து என் பேச்சக் கேக்கும் மாமா."

"நீ என் பேச்சக் கேளு."

கேட்டாய்.

ஆட்டக்காரர் தேர்வன்று மூன்று முறை விழுந்தாய். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், உறவென்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று. அந்த ஒற்றை இடம் மேல்பட்டாம்பாக்கத்து ஆளுக்குப் போனது. அவன் வெறுங்காலோடு ஆடினான். நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

"வுடு மாமா" என்றாய். அவன் வெறுங்காலோடு ஆடியதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. மறுவாரம் கடலூருக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற லாரி வந்தது. ஏறிவிட்டாய். பர்மாப் பக்கமிருந்து ஒரே ஒரு கடிதம்: "மாமா, இங்கே பூட்ஸ் சரியான அளவு. பேப்பர் வேண்டியதில்லை." அதற்கப்புறம் வந்தது தந்தி.

உன் அக்கா அழுது ஓய்ந்துவிட்டாள். எப்போதாவது சோறு போடும்போது மட்டும் கேட்பாள்: "அன்னிக்கு அவன் வெறுங்காலோட ஆடியிருந்தா சேத்துக்கிட்டிருப்பாங்க இல்ல?"

"பூட்ஸ் கட்டாயம்னு ரூல் போட்டுட்டாங்களே, இன்னா பண்றது" என்பேன்.

ஊர் வம்பையெல்லாம் வாய் வலிக்கப் பேசுகிறவன் நான். இதை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தேர்வு அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நானேதான். கடைசி வரி: வெறுங்காலுடனும் ஆடலாம்.

அந்த வரியை வருஷா வருஷம் அடிக்கிறேன், மச்சான். நேற்றும் அடித்தேன்.