அப்பாவின் கணக்கில் ஏழாம் நாள்

ஸ்ரீரங்கம்
17.9.2025, புதன், காலை 5.20

அன்புள்ள வைஜயந்திக்கு,

அப்பாவின் கணக்குப்படி நான் செத்து இன்று ஏழாவது நாள். போனில் சொன்னால் பாதியிலேயே “வராதே” என்பாய். அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை ஹைதராபாத் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் பேசும்போது தொப்பியைக் கழற்றினாய் அல்லவா? அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கீமோ பற்றி அவரிடம் நாம் சொல்லவே இல்லை. மொட்டைத் தலை, பொட்டில்லாத நெற்றி. உன் கணவன் போய்விட்டான் என்று முடிவுகட்டி, நேராகப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அவருடைய அத்தை பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கடைசிவரை இதே வீட்டில் மொட்டைத் தலையோடு இருந்தவர். மறதி நோய் அப்பாவிடம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு அந்த அத்தையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

எதிரில் நின்று “நான் இருக்கேன்ப்பா” என்று கத்தினேன். ஆதார் அட்டையைக் காட்டினேன். படத்தைத் தடவிக்கொண்டு அழுதார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் டோமினிக் ஊட்டினால் சாப்பிடுகிறார், மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. “உங்க பத்தாம் நாளுக்கு காவிரிக்கரைக்கு, அம்மா மண்டபம் கூட்டிட்டுப் போகணுமாம் சார். அன்னைக்கு லீவு போட்டுராதேன்னு பெரியவர் சொல்லிட்டாரு” என்று டோமினிக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்க்கும்போது ஒரு நொடி சந்தேகம் வருகிறது. ஆலையில் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பவன் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று விளக்கேற்றும் நேரத்தில் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பயந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “தேசிக், இங்க ஏண்டா சுத்திண்டிருக்கே? அவ அங்க தனியா இருக்காளே. போடா, அவகிட்டப் போ” என்றார்.

ஆபரேஷனுக்கு வராதே, அப்பாவைப் பார்த்துக்கொள் என்றாய். பார்த்துக்கொள்ள நான் இங்கே உயிரோடு இருந்தால்தானே. இனி செய்யப்போவது:

1. திங்கள் வரை டோமினிக் இரவிலும் இங்கேயே தங்குகிறார். பேசிவிட்டேன்.

2. நாளை விமானத்தில் வருகிறேன். உன் தங்கை ப்ரியம்வதாவுக்குத் தெரியும். சண்டை போடுவதென்றால் நேரில் போடு.

3. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருப்பேன்.

4. உனக்கு நினைவு திரும்பியதும் அப்பாவைப் போனில் பிடித்து உன்னிடம் கொடுப்பேன். நான் உயிரோடு இருப்பதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டார்.

உன்
தேசிக்