வட்டத்தின் நடுவில் ஒரு குழி

அண்ணா,

நேற்று வில்ட்ஷயரில், ஒரே ராத்திரியில் கோதுமை வயலில் பயிர் சாய்ந்து உருவான புதுப் பயிர்வட்டம் பார்க்கப் போனேன். டிராக்டர் தடத்திலேயே நடந்து, சாய்ந்த கோதுமைக்கு நடுவில் நின்று, "இது மனுஷன் வேலையே இல்ல!" என்று நேரலையில் கத்தினேன். நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

வயல்காரர் ஹம்ஃப்ரி சிரித்தார். "ஏம்மா, வானத்துலேருந்து வந்தவனுக்கு என் வயல்தான் கெடச்சுதா?"

அப்போதுதான் காலடியில், கயிறு கட்டி வட்டம் இழுக்க முளைக்குச்சி அடித்த குழியைப் பார்த்தேன். பக்கத்தில் நம் வீட்டுப் பச்சைக் கயிறு, நீ போடும் இரட்டை முடிச்சோடு.

வட்டம் போடுகிறவர்கள் வாயே திறக்கக் கூடாது என்பது உங்கள் கூட்டத்தின் சட்டமாம். தங்கையிடம்கூடவா? மூன்று வருஷமாக என்னை நம்பவிட்டு வேடிக்கை பார்த்தாயே, வெட்கமாக இல்லை?

கேமராவை வானத்துப் பக்கம் திருப்பிவிட்டு, குழியை மிதித்து மூடினேன். கயிறு என் பையில் இருக்கிறது. இப்போது நானும் பொய்க்காரி, உன்னால்.

என்னோடு பேசாதே.

உன் தங்கை