உள்பக்கத்துக் கட்டில்

என் செல்லக் கண்ணப்பா,

நம் சங்க மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு வரவில்லையடா. உன்னிடமே சொல்கிறேன், ஊர் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாய் என்று மட்டும்தான் தந்தியில் இருந்தது. அன்று முதல் எனக்கு ஒரே கேள்வி. பக்கத்தில் நம்மவர் யாருமில்லாத ஊரில், கடைசியாக நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? அது நீயே கட்டடப் படம் வரைந்த ஆஸ்பத்திரி, ஜன்னலாவது தெரிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம், கட்டடங்களுக்குப் படம் வரையும் உன் அமெரிக்கக் கம்பெனியின் மூத்த முதலாளி காரைக்குடியில் நம் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்து திரும்பிய இரண்டு சிநேகிதர்கள் ஒரு செருப்புக் கடை மாடியில் தொடங்கிய கம்பெனி என்று எழுதியிருந்தாயே, அந்த இருவரில் ஒருவர். முதலில் பள்ளிக்கூடங்கள், அப்புறம் நூலகம். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த சமயத்தில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது.

பள்ளிக்கூடம் வரையுமுன் எல்லாரும் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். ஆஸ்பத்திரிக்கு, ஆபீசிலேயே நோயாளி அறை மாதிரி பலகைச் சுவர் வைத்துக் கட்டில் போட்டார்கள். நீ படுத்துப் பார்த்து, ஜன்னல் உயரமாக இருக்கிறது, நோயாளிக்கு வானம் தெரியாது என்று சொல்லி இறக்க வைத்தாய். நீ எழுதிய அந்தக் கடிதத்தை வாசித்தபோது நம்மைப் பெற்ற அப்பச்சி, "படுத்துப் பாக்கிறதுக்கா அங்குட்டுச் சம்பளம் குடுக்கிறாக?" என்று கேட்டு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

வந்தவர் முற்றத்தைப் பார்த்ததும் தரையிலேயே நீட்டிப் படுத்துவிட்டார். "அடி ஆத்தி! வெள்ளைக்காரர் விழுந்துட்டாக, தண்ணி கொண்டாங்க!" என்று அடுத்த வீட்டுச் சிகப்பி ஆச்சி ஓடி வந்தார். வெள்ளைக்காரரோ மேலே வானத்தைக் காட்டிச் சிரித்தார்.

இங்கிலீஷ் தெரிந்த என் மகள் வள்ளியிடம் சொன்னேன். "என் தம்பி கடைசியா சன்னல் வழியா என்னத்தைப் பாத்தான்னு கேளு."

அவர் சிரிப்பு நின்றது. அந்த அறையில் இரண்டு கட்டிலாம். ஜன்னலோரத்தில் வேறொரு நோயாளி. உள்பக்கத்துக் கட்டில் உனக்கு. நடுவில் திரைச்சீலை. நீ பார்த்ததெல்லாம் அந்தத் துணியைத்தான்.

"நாம ஒரு கட்டில்லதான் படுத்துப் பாத்தோம், ரெண்டாவதுல யாரும் படுக்கலை" என்று நீ அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாம். நிஜமாகவே சிரித்தாயா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் அழுதுவிட்டார்.

இப்போது இன்னொரு ஆஸ்பத்திரி வரைகிறார்களாம். ஆபீசில் இரண்டு கட்டில் போட்டிருக்கிறார்கள், இரண்டுக்கும் ஜன்னல் உண்டு. நல்ல காரியம்தான். அதனால் நீ திரும்பி வரப் போகிறாயா?

தந்தி வந்த நாளிலிருந்து அப்பச்சி படுக்கையில் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள நான் நம் வீட்டோடு வந்துவிட்டேன். காற்றுப் படக்கூடாது என்று உள்ளறையில் கட்டில் போட்டிருந்தோம். வெள்ளைக்காரர் விடைபெற்றுப் போன பிறகு, அப்பச்சியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நான் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். இரும்புப் பெட்டியின் முதுகு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஒருநாள்கூட அவர்கள் வாய்திறந்து சொல்லவில்லையடா. அங்கேயே கிடந்து அழுதேன்.

கட்டிலை முற்றத்தோரம் இழுத்துப் போட்டோம். அப்பச்சி வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா, மேகம் போகுது" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "கண்ணப்பனும் இப்படித்தானே பாத்துக்கிட்டு இருந்திருப்பான்?"

"ஆமா அப்பச்சி, பாத்துக்கிட்டேதான் இருந்திருப்பான்" என்றேன்.

இந்த மலர் அவர்கள் கைக்குப் போகாது. கட்டில் இனி வானத்தடியில்தான் இருக்கும், பக்கத்தில் நான் இருப்பேன். அவர்கள் கண் மூடும்போது திரைச்சீலையைப் பார்க்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த ஆச்சி,
மெய்யம்மை