இனிச் சுகம் என்று எழுத மாட்டேன்

யேசு மரி சூசை

கொழும்புத்துறை
12.10.1993

அன்பு மகன் லியோனுக்கு,

நீ இருக்கும் நாட்டுப் பாராளுமன்றத்தில் ஒரு எம்.பி. உன்னைச் சாகக் கொடுப்பதற்குச் சட்டம் எழுதுகிறார். உன் சுகத்துக்காக மாதாவை மன்றாடுகிறேன், எங்கள் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வரியை மட்டும் இந்த முறை எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டு றோஸ் அக்காவின் மகன் அருட்பிரகாசத்தின் அகதி வழக்கைப் பற்றி நீ எழுதியதை வாசித்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வீட்டுக் கடிதங்களைக் கொண்டுவா என்று விசாரித்த அதிகாரிகள் கேட்டார்களாம், தாய் தகப்பன் இருப்பதற்குச் சாட்சி என்று அவனும் சந்தோசமாகக் கொடுத்தானாம். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான், ஆண்டவர் கிருபையால் நாங்கள் யாவரும் நற்சுகம். அவன் தகப்பனைக் கடலில் நேவி சுட்ட கிழமையும் றோஸ் அக்கா அப்படித்தான் எழுதினாள். ஓம் மகன், அந்த மனிதன் இப்போது இல்லை, உனக்கும் நாங்கள் சொல்லவில்லை. தூரத்துப் பிள்ளை தனியே இருந்து அழும் என்று சாவுச் செய்தியை மறைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். அந்தச் சுகம் என்ற வரியைக் காட்டித்தான் அவன் வழக்கைத் தள்ளினார்கள். தீர்ப்பில் இருந்த அதே வரியைத்தான் எம்.பி. சபையில் எழுந்து வாசித்தார் என்கிறாய், இவர்களின் தாய்மாரே சுகம் என்கிறார்கள், அந்த நாட்டில் பாதுகாப்பான பகுதியும் இருக்கிறது, எல்லோரையும் திருப்பி அனுப்புவோம் என்று. அருட்பிரகாசத்தைப் போன மாதம் கொழும்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். லொட்ஜில் இருந்தவனை ஆமியும் பொலிசும் சுற்றி வளைத்த ரவுண்டப்பில் பிடித்துப் போனார்கள், எந்தக் காம்ப் என்று ஒருவருக்கும் தெரியாது. சட்டம் வந்தால் அடுத்தது நீ.

இங்கே கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அப்பா பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்கிறோம். சட்டம் நிறைவேறியதா என்று இன்னும் சொல்லவில்லை. கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும் என்று அவர் என்னிடம் மாறித் தருகிறாரும் இல்லை.

மறைத்த மற்றதையும் எழுதுகிறேன். ஆடி மாதம் பொம்மர் குண்டு போட்டதில் வள்ளமும் வலையும் எரிந்து போயின. தங்கச்சி ஸ்ரெல்லா பங்கருக்குள் இறங்க முந்தி இன்னொரு குண்டு விழுந்தது, அவளுக்கு வலது காது கேட்காது. கூப்பிட்டால் மற்றப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். இதை எழுத வேண்டாம் என்று அப்பா சண்டை. "உதுகளை எழுதாதை, பிள்ளை அங்கை சாப்பிடமாட்டான்" என்றார். "சாப்பிடாட்டிலும் உயிரோடை இருப்பான், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பழைய கடிதங்களை ஒருவருக்கும் காட்டாதே. உன் வழக்குக்கு இதைக் காட்டு, ஒரு வரியும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, பூசைக்குப் போகத் தவறாதே, பெடியன்களோடு சேர்ந்து குடிக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

மொழிபெயர்த்ததை அந்த எம்.பி.யின் கையில் கொடு. இந்த நாட்டில் பாதுகாப்பான இடம் இருக்கிறது என்றாரே, அது எந்த ஊர் என்று பெயரை எழுதி எனக்கு அனுப்பச் சொல், ஸ்ரெல்லாவைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே போய்விடுகிறேன்.

உன் அம்மா,
மக்டலீன்