டிரெய்லருக்குப் புது பிரேக்

ஐப்பசி 9, செவ்வாய்.

டிரெய்லர் பிரேக் இன்று நன்றாகப் பிடித்தது. பொருத்தியவன் நான். சந்தோஷப்பட முடியவில்லை.

கருங்கல் ஏற்றும் அந்த டிரெய்லரின் பின்னால் உட்கார்ந்து இத்தனை வருடம் பிரேக் சக்கரத்தைச் சுற்றியவன் அந்தோணி. என்னோடு ஒரே அறையில் இருந்தவன். லாரி டிரைவர் ஒரு ஹாரன் அடித்தால் இறுக்குவான், இரண்டு அடித்தால் தளர்த்துவான். போன மாதம் உள்ளங்கை கிழிந்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் தின்றான். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் பட்டறைத் துரையிடம் போனேன். கம்பிக்கயிறு போட்டால் டிரைவரே முன்னாலிருந்து பிரேக் போடலாம் என்றேன். அப்புறம் பின்னால் ஆள் எதற்கு என்று துரை அவனை நிறுத்திவிடுவார் என எனக்குத் தோன்றவே இல்லை. மடையன்.

நேற்று மாலை அந்தோணி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தான். “நல்லா பிடிக்குது லா, அண்ணே” என்றான். திட்டியிருந்தால் தேவலை. இன்று காலை முதல் ஃபெர்ரியில் தீவை விட்டு அக்கரைக்குப் போய்விட்டான், ரப்பர்த் தோட்டத்தில் வேலை தேடி.

மத்தியானம் ஆயர் ஈத்தாம் மலை இறக்கத்தில் சோதித்தோம். நான் டிரைவர் காதருக்குப் பக்கத்தில் இருந்தேன். முழுப் பாரத்தோடு வண்டி அப்படியே நின்றது. மறுபடி கிளம்பும்போது காதர் பழக்கத்தில் இரண்டு ஹாரன் அடித்தார். பட்டறை வந்ததும் டிரெய்லரின் பின்னால் ஏறினேன்.

அந்தோணியின் இருக்கையில் மடித்துப் போட்டிருந்த சாக்கை எடுத்து வந்தேன். அறையில் எந்த மூலையில் வைத்தாலும் அது அவன் இடமாகவே இருக்கிறது.