முடிச்சுக்குப் பிறகு பிஸ்மில்லாஹ்

பைக்குள் ஆதார் அட்டையைத் தேடினேன். கையில் வந்தது உன் கயிறு, கூட்டாளி. அதே மஞ்சள் நைலான் கயிறு. நீ கடைசியாகப் போட்ட முடிச்சு ஒரு முனையில் அப்படியே இருக்கிறது. மூன்று வருடமாகியும் நசுங்கிய தக்காளியின் புளித்த வாடை போகவில்லை. தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கை நரம்பு வழியாக ஒயர் விட்டு என் நெஞ்சைப் பார்க்கப்போகிறார்கள். பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையின் முடிசூடா மன்னன், ஒரே தும்மலில் நான்கு பெட்டி தக்காளியைப் பழுக்கவைத்தவன், டோக்கன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கோழிக்குஞ்சு போல ஒடுங்கியிருக்கிறேன். நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பாய்.

நம் பிக்கப் வண்டியில் பெட்டி ஏற்றியதும் கயிறு போடுவது நீதான். முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகே, அல்லாஹ் பேரால் என்று பிஸ்மில்லாஹ் சொல்வாய். நீ ஜும்ஆ தொழுகைக்கு முன்னதாகப் போய்விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று கயிறே போடாமல், பிஸ்மில்லாஹ்வை மட்டும் சந்தையே அதிரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் வளைவிலேயே பெட்டியெல்லாம் ரோட்டில். மாவட்டத்து இட்லிகள் அத்தனைக்கும் அன்றைக்கு நான் ஒருவனே சட்னி அரைத்தேன். செய்தி கேட்டு வந்த நீ, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுக்கத் தொடங்கினாய். எழுதியிருந்தது, நடந்துவிட்டது என்றேன்.

"கயிறு போடாதேன்னு எங்கடா எழுதியிருந்துச்சு? காட்டு, நானும் படிக்கறேன்" என்றாய்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு அது. அஸர் தொழுதுவிட்டு வந்து, காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குர்ஆன் தமிழாக்கத்தைத் திறப்பாய். அவன் அறியாமல் ஓர் இலைகூட உதிர்வதில்லை என்கிற இடத்தைக் காட்டி, நான் ஜெயித்ததாக அறிவிப்பேன். விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும் என்கிற இடத்துக்கு நீ பக்கத்தைப் புரட்டுவாய். அவன் நாடாமல் நீங்கள் நாடுவதில்லை என்று நான் திருப்பி அடிப்பேன். மார்க்கம் படித்த ஆலிம்கள் ஆயிரம் வருடமாகப் பேசுவதை இரண்டு தக்காளி வியாபாரிகள் டீ ஆறுவதற்குள் முடிக்கப் பார்த்தோம். ஒருநாள் நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாய்: "அவனுக்குத் தெரியும், அது நெசம். உனக்குத் தெரியாதில்ல? தெரியாதவன் செய்ய வேண்டியதைச் செய்."

நான் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். ஆனால் புத்தி வரவில்லை. நான் இன்ஷா அல்லாஹ் என்றால் அந்த வேலை நடக்காது என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அந்தப் புதன்கிழமையை எழுதக் கை வரவில்லை. கயிறு போட்டு முடித்து, பெட்டிமேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினாய். "வண்டி நிக்குதில்ல, இப்பவே டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய் வந்துடலாமா?" என்று கேட்டாய். நான்தான், பெரிய வைத்தியர் போல, வாயு என்று தீர்ப்புச் சொல்லி, இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்து, நாளைக்குப் போகலாம் இன்ஷா அல்லாஹ் என்றேன். நீயும் சிரித்தாய். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு உன்னை அடக்கம் செய்தோம்.

எழுதியிருந்தது என்று எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். அப்படியானால் எனக்கு விடுதலை. அதை வாங்கிக்கொள்ளத்தான் என் கை நீளவில்லை. நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்கிறவன், இன்ஷா அல்லாஹ், அல்லாஹ் நாடினால், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது வேதம். அது செய்யப்போகிறவனுக்குச் சொன்னது. செய்யாதவன் பின்னால் ஒளிந்துகொள்ள அல்ல. இந்தச் சின்ன விஷயம் புரிய நான் உன் மய்யித்தைத் தோளில் சுமக்க வேண்டியிருந்தது.

புரிந்தும் என்ன? போன மாதம் எனக்கே இடது தோளில் அதே வலி வந்தது. டாக்டர் நாள் குறித்தார். இரண்டு தடவை இன்ஷா அல்லாஹ் சொல்லித் தள்ளிப்போட்டேன். ராட்சசனைத் தூக்கி அடிப்பேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்பவனுக்கு, உள்ளே என்ன தெரிந்துவிடுமோ என்று பயம். நேற்று மூன்றாவது தடவையும் சொன்னேன். தங்கச்சி மகள் நூரு சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அல்லா நாடுனா போவீங்க, சரிங்க மாமு. நீங்க நாடுனீங்களா?"

நீ இருந்தால் அவளுக்கு ஒரு பெட்டி தக்காளி பரிசளித்திருப்பாய். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடினேன்.

இன்று காலையிலும் இன்ஷா அல்லாஹ் என்றேன், பஸ் படியில் ஒரு கால் வைத்த பிறகு.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. மோதிரம், வாட்ச், எல்லாவற்றையும் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மோதிரத்தை மட்டும் இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறேன். அன்றைக்கே உன்னை ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவன் அறிவான். நான் ஏற்றவில்லை என்பதை நான் அறிவேன். இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் உள்ளே போகிறேன்.

கயிற்றைத் துணைக்கு வந்திருக்கும் நூருவிடம் கொடுத்தேன். முடிச்சை அவிழ்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், இழுத்து மட்டும் பார் என்றேன். மூன்று தரம் இழுத்தாள். நெகிழவில்லை.

பிஸ்மில்லாஹ்.